க்ளியரியும் கிளார்க்கும் ஒரே குடும்பமா?

கேள்வி: அயர்லாந்தில் செவிலியராக இருக்கும் என் மகளின் மேலதிகாரி பெயர் க்ளியரி. அவருடைய பெரியப்பா வீட்டார் கிளார்க் என்று எழுதுகிறார்களாம். இரண்டும் ஒன்றுதான் என்கிறாராம். இது எப்படிப் பொருந்தும்? நம்மிடம் தகப்பனார் பெயரின் முதலெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறதே, அவர்களுக்கு மாறாதா?
– வாசகி ஒருவர், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அந்த அம்மையார் சொல்வது முற்றிலும் நடக்கக்கூடியதே. க்ளியரி என்பதன் ஐரிஷ் வடிவம் 'ஓ க்ளேரி'. இதில் 'ஓ' என்பது பேரனையும் அவனுக்குப் பின் வந்த வழித்தோன்றல்களையும் குறிக்கும்; 'மக்' என்று தொடங்கும் பெயர்களில் அவ்விடத்தில் இருப்பது மகன். தொடக்கத்தில் அங்கும் நம்மைப் போலவே ஒவ்வொரு தலைமுறையும் தன் தகப்பன், பாட்டன் பெயரைச் சொல்லிக்கொண்டது. பத்தாம் நூற்றாண்டு வாக்கில் புகழ்பெற்ற ஒரு முன்னோரின் பெயரோடு அவ்வழக்கம் நின்றுபோய், அதுவே குடும்பப் பெயராக நிலைத்தது. ஐரோப்பாவின் மிகப் பழைய குடும்பப் பெயர்களுள் ஒன்றாக ஓ க்ளேரியைச் சொல்வதுண்டு. கால்வே பகுதியின் சிற்றரசர் ஒருவர் இப்பெயருடன் 916-இல் இறந்ததாக ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகள் கூறுகின்றன.

அந்த முன்னோரின் பெயர் க்ளேரக். லத்தீனிலிருந்து வந்த இச்சொல் முதலில் தேவாலயப் பணியாளரையும், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அவர்களே என்பதால் பின்னர் எழுத்தரையும் குறித்தது. நம் ஊர்களில் கணக்கு எழுதுவதை விட்டு எத்தனையோ காலம் ஆன பின்னும் ஒரு வீடு கணக்குப்பிள்ளை வீடாகவே இருப்பதில்லையா, அதுபோல வழிவந்தவர்கள் என்ன தொழில் செய்தாலும் பெயர் மாறவில்லை. ஆயினும் இக்குடும்பத்தின் ஒரு கிளை பெயருக்கு ஏற்பவே வாழ்ந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கால்வேயில் நிலத்தை இழந்து வடக்கே டோனிகால் சென்ற அவர்கள், ஓ டொனல் என்னும் குறுநில மன்னர்களுக்குப் பரம்பரை வரலாற்றாசிரியர்களாக விளங்கினார்கள். பழைய ஏடுகளைத் தேடித் திரட்டி, 1632 முதல் 1636 வரை அயர்லாந்தின் பெரும் ஆண்டுக்குறிப்பு நூலைத் தொகுத்த குழுவின் தலைவர் மீஹால் ஓ க்ளேரி அக்கிளையைச் சேர்ந்த துறவி.

ஆங்கிலேயர் ஆட்சியில் பலர் முன்னொட்டான 'ஓ'வைக் கைவிட்டதால் க்ளியரி மட்டும் எஞ்சியது. வேறு சிலர், குறிப்பாக வடபகுதியினர், அதே பொருளும் அதே லத்தீன் மூலமும் கொண்ட ஆங்கிலப் பெயரான கிளார்க்கை ஏற்றுக்கொண்டார்கள். அண்ணன் தம்பிகளின் வழியினர் வெவ்வேறு பெயரில் வழங்குவது இப்படித்தான். ஆனால் இங்கிலாந்திலிருந்து குடியேறிய கிளார்க்குகளும் அங்கு உண்டு என்பதால், பெயரை மட்டும் வைத்து எல்லோரையும் உறவாக்கிவிட முடியாது.

ஐரிஷ் மொழியில் பெயர் எழுதும்போது பெண்களுக்கு 'ஓ' வராது. மணமாகாத பெண் 'நீ' என்றும் மணமானவர் கணவரின் பெயரோடு 'ஈ' என்றும் சேர்த்து எழுதுவது மரபு.

தங்கள் மகளின் மேலதிகாரி தம் உறவை உறுதி செய்துகொள்ள விரும்பினால், பாட்டனார் எந்தக் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) பிறந்தார் என்பதை முதலில் கேட்டறியட்டும். பழைய ஆவணங்கள் பல 1922-ஆம் ஆண்டுத் தீயில் அழிந்துவிட்டன என்றாலும், 1901, 1911 ஆகிய ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்குப் படிவங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயர், வயது, மதம், பிறந்த இடம், ஐரிஷ் பேசுவாரா என்பது வரை அவற்றில் காணலாம்.