ஊசிமுனை: வாசகர் கேள்விகள்

ஒரே ராக் ஆல்பம் வேறு வேறு பிரஸ்ஸிங்கில், அதாவது வேறு வேறு இடத்திலும் காலத்திலும் அழுத்திய இசைத்தட்டாகக் கிடைத்தால் எதை வாங்குவது என்று போன இதழில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்தேன். அந்த வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. குமரி மாவட்டத்தில் இவ்வளவு பேர் வீட்டில் தட்டு சுற்றுகிறதா? சரி, ஆரம்பிப்போம்.

ஆசிரியை, தக்கலை: கல்கத்தாவில் வேலை பார்த்த பெரியப்பா அந்தக் காலத்தில் வாங்கிய பீட்டில்ஸ் ‘சார்ஜென்ட் பெப்பர்’ எங்கள் வீட்டில் இருக்கிறது, இந்தியாவில் அழுத்திய தட்டு. மகன் பெங்களூரிலிருந்து அதே ஆல்பத்தைப் புதிதாக வாங்கி வந்து, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, புதுசுதான் பிரமாதம் என்கிறான். எனக்குப் பழசுதான் பிடிக்கிறது. யார் சொல்வது சரி அண்ணாச்சி?

ரெண்டு பேரும் சரியாக இருக்கலாம் டீச்சர், ஏனென்றால் நீங்கள் ஒப்பிடுவது ஒரே பொருளையே இல்லை.

முதலில் பழைய தட்டின் லேபிளில் எண்ணைப் பாருங்கள். பி.எம்.சி. 7027 என்றால் மோனோ (எல்லா ஒலியும் ஒரே தடத்தில்), பி.சி.எஸ். 7027 என்றால் ஸ்டீரியோ (இடம், வலம் என்று இரண்டு தடம்). 1967-இல் இந்த ஆல்பத்துக்கு பீட்டில்ஸ்காரர்கள் கூடவே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்தது மோனோ மிக்ஸைத்தான். ஸ்டீரியோ அப்புறம் அவசர அவசரமாக முடிந்த வேலை. சந்தேகம் என்றால் ‘ஷீ இஸ் லீவிங் ஹோம்’ பாட்டைப் போட்டுப் பாருங்கள், மோனோவில் அது கொஞ்சம் வேகமாக ஓடும், சுருதியும் மேலே நிற்கும். மகன் வாங்கியது அனேகமாக 2017-இல் பீட்டில்ஸ் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் புதிதாகச் செய்த ஸ்டீரியோ மிக்ஸாக இருக்கும், அட்டையின் பின்பக்கம் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியென்றால் டிரம்ஸ் இருக்கும் இடம் வேறு, குரல் நிற்கும் இடம் வேறு, பாஸ் என்கிற அடி ஒலியும் வேறு.

உங்கள் ஊர்ப்பக்கம் ரப்பர் சொன்னால் எளிதாகப் புரியும். ஒரே தோட்டத்துப் பால்தான், ஆனால் வடிகட்டினது யார், ஆசிட் எவ்வளவு விட்டார், ரோலரில் எப்படி ஓட்டினார், புகைப்புரையில் எத்தனை நாள் தொங்கியது என்பதைப் பொறுத்து கடையில் ஷீட்டின் தரம் மாறுகிறது இல்லையா? தட்டும் அதே மாதிரிதான். பல டிராக்கில் பதிந்த ஒலிகளைச் சேர்த்து ஒரே டேப்பாக்குவது மிக்ஸ். அந்த டேப்பிலிருந்து லாக்கர் என்ற மென்பூச்சுத் தட்டில் பள்ளம் வெட்டுவது கட்டிங், அதில் பாஸை எவ்வளவு விடுவது, சத்தத்தை எவ்வளவு ஏற்றுவது என்பதெல்லாம் வெட்டுகிற ஆளின் கையில். அந்த லாக்கரிலிருந்து உலோக அச்சு எடுத்து, வினைல் பிளாஸ்டிக்கில் அழுத்துவதுதான் பிரஸ்ஸிங். நாம் எல்லாவற்றையும் சேர்த்து ‘பிரஸ்ஸிங் நல்லா இருக்கு’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் பாதிக்கு மேல் நேரம், காதில் விழுகிற வித்தியாசம் அழுத்தின இடத்தில் பிறந்ததே இல்லை, அதற்கு முன்னாலேயே பிறந்துவிட்டது.

கல்கத்தா பக்கம் டம் டம் தொழிற்சாலையில் வந்த தட்டுகளை மட்டம் என்று தள்ளுகிறவர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை. லேபிளைச் சுற்றி பாட்டு முடிந்த பின் வழுவழுவென்று ஒரு வளையம் இருக்கிறதே, ரன்-அவுட், அதில் பொறித்த எண்ணும் எழுத்தும் இங்கிலாந்துத் தட்டில் இருப்பது போலவே இருந்தால் அங்கே வெட்டிய வேலைதான் உங்கள் வீட்டிலும் சுற்றுகிறது. கரகரப்பு வேறு விஷயம், அது வினைலும் வயசும். இன்னொன்று: இங்கிலாந்துப் பதிப்பில் இரண்டாம் பக்கம் முடிந்ததும் நாய் காதை நிமிர்த்தும் ஒரு விசிலும், ஊசியைத் தூக்குகிற வரை சுற்றிச் சுற்றி வரும் ஒரு உளறலும் இருக்கும். அமெரிக்காவில் முதலில் வந்த தட்டில் அது இல்லை. பெரியப்பா தட்டில் இருக்கிறதா என்று எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.

மகனோடு மறுபடி போட்டி வைத்தால் ஒரே நிபந்தனை. இரண்டு தட்டையும் கழுவுங்கள், பிறகு ஒலியளவைச் சமப்படுத்துங்கள். போனில் ஒலி அளக்கும் ஆப் போதும், ஒரே இடத்தில் வைத்து, ஒரே வரியை ஓட்டிப் பார்த்து, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுகிற மாதிரி குமிழைத் திருப்புங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பது காதுக்கு எப்போதும் ‘நல்லா’ இருக்கும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என்னிடம் இருந்த ஒரு ஜப்பான் பிரஸ்ஸிங்தான் உலகத்திலேயே சிறந்தது என்று இரண்டு வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் நண்பன் என்னைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லிவிட்டு, எது எது என்று சொல்லாமல், ஒலியளவை மட்டும் ஒரு இழை சரிசெய்து ஆறு தடவை மாற்றிப் போட்டான். நான் ஆறில் நாலு தடவை இங்கிலாந்துத் தட்டைத்தான் ‘ஜப்பான், ஜப்பான்’ என்றேன். அன்றைக்கு அவனுக்குப் பரோட்டாவும் வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

கல்லூரி மாணவர், நாகர்கோவில்: லெட் செப்பெலின் இரண்டாவது ஆல்பத்தில் ‘ஆர்.எல்.’ என்று பொறித்திருந்தால் விலை எங்கேயோ போகிறது. வெறும் மாயையா, விஷயம் இருக்கிறதா?

விஷயம் இருக்கிறது. ஆர்.எல். என்றால் ராபர்ட் லட்விக், பாப் லட்விக் என்றால் எல்லோருக்கும் தெரியும். 1969-இல் அமெரிக்காவில் அந்த ஆல்பத்தை முதலில் வெட்டியவர், பாஸையும் டிரம்ஸையும் கட்டுப்படுத்தாமல் அப்படியே பள்ளத்தில் இறக்கிவிட்டார். மலிவான பிளேயர்களில் ஊசி தாங்கவில்லை, தவ்விக் குதித்தது. கம்பெனி பயந்துபோய் அடக்கமாக மறுபடி வெட்டச் சொன்னது, பிறகு அங்கே அந்த அடக்கமான வெட்டுதான் சுற்றியது. அதனால் இது வெறும் ‘முதல் பதிப்பு’ மோகம் இல்லை, அந்த ஒரு வெட்டில் மட்டும் கேட்கிற அடி அது.

ஆனால் வாங்கும்போது கவனம். எனக்கு ஒருவர் ‘ஆர்.எல். கட்டாயம் இருக்கு’ என்று சொல்லி அனுப்பினார். சாயங்காலம் வந்து சேர்ந்த கட்டைப் பிரித்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைத் தட்டின் ஓரத்தில் படுக்கவைத்து அடித்துப் பார்த்தேன். மேலிருந்து நேராக அடித்தால் எதுவும் தெரியாது, சாய்த்து அடித்தால்தான் கீறல் எழுத்து நிழல்விட்டு எழும்பும். முதல் பக்கத்தில் ஆர்.எல்., கூடவே லட்விக் வெட்டிய ஸ்டெர்லிங் சவுண்ட் ஸ்டுடியோவுக்கான எஸ்.எஸ். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினால் வேறு யாரோ. பாதி மாப்பிள்ளை! பணம் திரும்ப வரவில்லை. அதனால் இரண்டு பக்க ரன்-அவுட்டும் படமாக வராமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள்.

கப்பல் பணியிலிருந்து ஓய்வு, குளச்சல்: 73-இல் லிவர்பூலில் கரையிறங்கியபோது பிங்க் ஃபிளாய்டின் ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ வாங்கினேன். லேபிளில் நீல முக்கோணம் இருக்கிறது. தட்டில் எஸ்.ஹெச்.வி.எல். 804 என்று அச்சும், இடப்பக்கம் ஒரு எண்ணும் வலப்பக்கம் இரண்டு எழுத்தும் இருக்கின்றன. என்ன அர்த்தம்?

ஐயா, முதலில் உட்காருங்கள். அந்த முக்கோணம் உள்ளே முழுக்க நீலம் நிரம்பியதா, வெறும் கோடா? நிரம்பியது என்றால் இங்கிலாந்தின் முதல் பதிப்பு லேபிள். ரன்-அவுட்டில் 804-க்குப் பின்னால் ஏ-2, பி-2 என்று இருந்தால் இன்னும் நல்லது. அட்டைக்குள் இரண்டு போஸ்டரும் இரண்டு ஸ்டிக்கரும் இருந்திருக்க வேண்டும், பேரப்பிள்ளைகள் எதில் ஒட்டினார்கள் என்று தேடிப் பாருங்கள்.

அந்த எழுத்து ரகசியம் இ.எம்.ஐ. என்ற இங்கிலாந்து இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்களுடையது. கிராமபோன் லிமிடெட் என்பதைச் சுருக்கி ஜி, ஆர், ஏ, எம், ஓ, பி, ஹெச், எல், டி (T), டி (D) என்று பத்து ஆங்கில எழுத்து, வரிசையாக 1 முதல் 9 வரை, கடைசி எழுத்துக்குப் பூஜ்யம். நம் ஜவுளிக்கடையில் கொள்முதல் விலையை எழுத்தில் ஒளித்து வைப்பார்களே, அதே வித்தை. உங்கள் தட்டில் ‘ஆர் ஏ’ என்றால் 23-வது அச்சு. இடப்பக்கத்து எண், அந்த அச்சை எந்தத் தாய்த் தகட்டிலிருந்து எடுத்தார்கள் என்பதைச் சொல்லும். எண் சிறிதானால் வெட்டு புதுசாக இருந்தபோது அழுத்தியது என்று கணக்கு. இது ஒரு குறிப்புதான், நீங்கள் ஐம்பது வருஷமாக எந்த ஊசியில் ஓட்டினீர்கள் என்பது அதைவிடப் பெரிய விஷயம். வியாபாரிகள் வீட்டுக்கு வந்து நின்றால் முதலில் சொல்லும் விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

திங்கள்சந்தை வாசகர்: 180 கிராம் தட்டு என்றால் ஒலி தரம் கூடுமா?

கூடாது. எடை கூடும். பள்ளத்தின் ஆழம் அதே ஆழம்தான். கனமான தட்டு எளிதில் வளையாது, கையில் எடுத்தால் ஒரு மதிப்பு வரும், அவ்வளவே.

குழித்துறை வாசகர்: டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ 1985 தட்டில் சில பாட்டுகள் சி.டி.யைவிடக் குட்டையாக இருக்கின்றன. என் தட்டு போலியா?

இல்லை. சி.டி. 55 நிமிஷம் ஓடும், ஒற்றைத் தட்டு 47 சொச்சம். ஒரு பக்கத்தில் நேரம் கூடக் கூட பள்ளங்களை நெருக்க வேண்டும், நெருக்கினால் சத்தத்தைக் குறைக்க வேண்டும், அதனால் பாட்டில் கத்தரி வைத்தார்கள். அப்புறம் இரண்டு தட்டாக வந்த பதிப்புகளில் முழு நீளம் இருக்கிறது. அதில் இன்னொரு லாபமும் உண்டு. தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும், வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் விநாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது, லேபிளுக்குப் பக்கத்தில் 20 சென்டிமீட்டர்தான். பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ஸ’ எல்லாம் ‘ஷ’வாக இழுபடுவது அதனால்தான். அதனால் இரண்டு பிரஸ்ஸிங்கை ஒப்பிடும்போது எப்போதும் கடைசிப் பாட்டில் ஒப்பிடுங்கள், முதல் பாட்டு எல்லாத் தட்டிலும் நன்றாகத்தான் இருக்கும். (அது டிஜிட்டலில் பதிந்த ஆல்பம் என்று தெரியாமல், ‘டேப்பில் பதிந்த அனலாக் சூடு’ என்று ஒருவர் என்னிடம் அரைமணி நேரம் விளக்கினார். நானும் தலையாட்டினேன்.)

கன்னியாகுமரி வாசகி: கடற்கரை வீடு. மழைக்காலத்தில் அட்டையெல்லாம் பூசணம்.

தட்டைக் காகித உறையிலிருந்து எடுத்து பிளாஸ்டிக் உள்ளுறைக்கு மாற்றுங்கள், பூசணத்துக்குத் தீனி காகிதம்தான். வெளிச்சுவரில் சாய்க்காமல் நிமிர்த்தி அடுக்குங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான துணி, பள்ளத்தின் போக்கிலேயே துடைப்பு, பிறகு வெறும் நீரில் அலசல். பழைய 78 சுற்று அரக்குத் தட்டுகளில் மட்டும் ஸ்பிரிட்டைக் காட்டிவிடாதீர்கள், தட்டே கரையும்.

இல்லத்தரசி, பூதப்பாண்டி: பீட்டில்ஸ் ‘அபே ரோடு’ மூன்று பிரஸ்ஸிங் வைத்திருக்கிறேன். ஒரே பாட்டுக்கு மூணு தட்டு எதுக்கு என்று வீட்டுக்காரர் தினமும் கேட்கிறார். என்ன பதில் சொல்ல?

தோட்டத்துப் புரையில் எத்தனை வெட்டோத்தி இருக்கிறது என்று எண்ணிவிட்டு வரச் சொல்லுங்கள். தேங்காய்க்கு ஒன்று, விறகுக்கு ஒன்று, யார் கேட்டாலும் கொடுக்காத ஒன்று.