வல்கனுக்கு எத்தனை நாள் பயணம்?

அன்பின் அக்கா,

திருகோணமலை ஆலங்கேணியில் இருந்து எழுதுகிறேன். கிண்ணியாத் துறையில் பாதை (மிதவைப் படகு) ஏறி ரவுணுக்கு வந்து, ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடரின் வீடியோ கசெற் வாடகைக்கு எடுத்துப் பார்த்த ஆட்கள் நாங்கள். 2009 இல் ஜே. ஜே. ஏப்ரம்ஸ் அதைப் புதிதாகத் தொடங்கினபோது எனக்கு மனம் விட்டுப்போச்சு. கண்ணைக் கூசவைக்கிற வெளிச்சக் கீற்றுகள், பியர் வடிசாலையில் எடுத்த இயந்திர அறை, கப்பல் அதிகாரி ஸ்பொக்கின் வல்கன் கிரகத்தையே அழித்தது, ஸ்பொக்குக்கும் உஹுராவுக்கும் காதல். எதை மன்னிக்கிறது? என் மருமகன் இந்தப் புதுப் படங்களைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறான். பழையதைப் பார்க்காதவனுக்கு என்ன விளங்கப்போகுது? அவனுக்குப் பழையதை எங்கேயிருந்து காட்டத் தொடங்கலாம், சொல்லுங்கோ.

வி.

அன்பின் தம்பி,

முதலில் அந்தப் பிள்ளையை ஏச்சிலிருந்து விடுங்கள். அவன் ஒரு படத்தை மனதார ரசிக்கிறான். அதற்காக அவனுக்கு ஒன்றும் விளங்காது என்று எழுதுவது மாமன் செய்கிற வேலை இல்லை. 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான 79 பகுதிகளை நீங்களும் அந்தக் காலத்திலேயே பார்க்கவில்லை; கசெற்றில், பிந்தித்தான் வந்து சேர்ந்தீர்கள். அவனும் பிந்தி வந்திருக்கிறான், வேறொரு வாசலால். அவ்வளவுதான்.

உங்கள் முறைப்பாடுகளில் பெரும்பாலானவற்றை நான் கணக்கில் எடுக்கப்போவதில்லை. வெளிச்சக் கீற்று, சட்டகத்துக்கு வெளியே நின்று கமராவின் வில்லைக்குள் டோர்ச் அடித்து வேண்டுமென்றே வரவழைத்தது, கண் பழகிவிடும். வடிசாலையில் குழாயும் தாங்கியும் நிறைய உண்டு, இயந்திர அறைக்கு அது போதும். வல்கனை அழித்தது துணிச்சல். வில்லன் நீரோவின் கப்பல் கடந்த காலத்துக்குள் புகுந்த கணத்திலிருந்து அது வேறொரு காலக்கோடு. நீங்கள் நேசித்த பழைய கதையில் ஒரு வரிகூட அழியவில்லை என்பதற்குச் சாட்சியாக, பழைய தொடரில் ஸ்பொக்காக நடித்த லெனார்ட் நிமோயே முதிய ஸ்பொக்காக வந்து நிற்கிறார். காதலைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றுதான் என்னை நெடுநாளாக அரிக்கிறது. புதுப் படங்களில் தூரம் செத்துப்போய்விட்டது.

கணக்கைப் பாருங்கள். பழைய தொடரைத் தயாரித்தவர்கள் வைத்திருந்த விதிப்படி, கப்பலின் வேகத்தைச் சொல்லும் வார்ப் எண்ணை அதே எண்ணால் மூன்று முறை பெருக்கினால் ஒளியைவிட எத்தனை மடங்கு வேகம் என்று வரும். வார்ப் 6 என்றால் 216 மடங்கு, வார்ப் 8 என்றால் 512 மடங்கு. வல்கனின் சூரியன் 40 எரிடானி என்று ஜீன் ரோடன்பெரி 1991 இல் மூன்று வானியலாளர்களோடு சேர்ந்து எழுதிய கடிதம் சொல்கிறது. அது பூமியிலிருந்து ஏறக்குறைய 16 ஒளியாண்டு. வார்ப் 6 இல் போனால் 27 நாள், எட்டில் போனால் 11 நாளுக்கு மேல். 2009 படத்திலோ, மருத்துவர் மக்கோய் போட்ட ஊசியால் கை வீங்கிய கதாநாயகன் கிர்க் கப்பலுக்குள் ஓடி மேல்தளம் சேர்வதற்கும் வல்கன் வருவதற்கும் சரியாக இருக்கிறது. பழைய தொடரும் இந்த விதியைப் பலமுறை மீறியதுதான். இரண்டாவது முன்னோட்டப் பகுதியிலேயே கப்பல் பால்வீதியின் விளிம்பில் போய் நின்றது. ஆனால் கதையின் முடிச்சு தூரத்தில் இருந்தபோது அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை.

1966 டிசம்பரில் வந்த 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' பகுதியை எடுங்கள். எல்லைக் காவல் நிலையங்களைக் எதிரிகளான ரோமியூலன்களின் கண்ணுக்குத் தெரியாத கப்பலொன்று அழித்துவிட்டு ஓடுகிறது. துரத்தி எல்லையைத் தாண்டினால் போர் மூளலாம், விட்டாலும் மூளலாம். கட்டளைத் தளத்துக்குச் செய்தி போய்ச் சேரவே மூன்று மணித்தியாலத்துக்கு மேல். கப்பல் தலைவன் கிர்க் தானே முடிவெடுக்கிறான். எல்லாம் முடிந்து, எதிரித் தளபதி தன் கப்பலைத் தானே வெடிக்கவைத்த பிறகு, கப்பல் ஊழியை ரான்ட் வந்து சொல்கிறாள்: தளத்திலிருந்து பதில் வந்திருக்கிறது, நீங்கள் எடுக்கும் எந்த முடிவுக்கும் ஆதரவாம். கிர்க்கின் பக்கத்தில் இறந்தது ஒரே ஒரு இளைஞன். அன்றைக்கு அவனுக்குக் கலியாணம் நடக்கவிருந்தது. மணப்பெண்ணுக்கு ஆறுதல் சொல்லக் கிர்க் தனியே நடந்து போகிறான். அந்தப் பதில் மூன்று நிமிடத்தில் வந்திருந்தால் இந்தப் பகுதியே இல்லை.

பாதையில் வந்து கசெற் எடுத்தவருக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. 396 மீற்றர் கிண்ணியாப் பாலம் திறந்ததும் அதே 2009 தான். அதற்கு முன் பாதை அக்கரையில் நின்றால், கையில் காய்ச்சல்காரப் பிள்ளை இருந்தாலும் இக்கரையில் நின்றுதான் யோசிக்கவேண்டும். பாலம் ஊருக்கு வேண்டியது, அதில் இரண்டாம் பேச்சில்லை. கதைக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு வேண்டும்.

1982 இன் 'த ராத் ஆஃப் கான்' படத்தில் கிர்க்கும் அவன் எதிரி கானும் ஒரு தடவைகூட நேருக்கு நேர் நிற்பதில்லை. முழுப் பகையும் திரையிலும் தொடர்புக் கருவியிலும்தான். நெபுலா என்ற விண்முகிலுக்குள் இரண்டு கப்பல்களும் கண் தெரியாமல் நீர்மூழ்கிகள் போல ஒன்றையொன்று தேடுகின்றன. கான் இரு பரிமாணத்தில்தான் யோசிக்கிறான் என்று ஸ்பொக் கண்டுபிடித்ததும், கிர்க்கின் கப்பல் எண்டர்பிரைஸ் கீழே இறங்கிப் பதுங்கி, பின்னால் எழும்பி அடிக்கிறது. 2013 இன் 'இன்டு டார்க்னெஸ்' என்ன செய்தது? கானைக் கிர்க்கின் கப்பலிலேயே சிறை வைத்தது, கடைசியில் ஸ்பொக்கோடு கைகலக்கவும் விட்டது. அதைவிட மோசம், சான் பிரான்சிஸ்கோவில் கருவியொன்றை இயக்கிய கான் கிளிங்கன் என்ற வேற்றினத்தாரின் குரோனோஸ் கிரகத்தில் போய் இறங்குகிறான். கிரகம் விட்டுக் கிரகம் ஆள் தாவலாம் என்றால் கப்பல் எதற்கு? எழுதியவர்களுக்கே இதற்கு விடை இல்லை. அதனால் அடுத்த காட்சிகளில் அந்தக் கருவியை மறந்துவிட்டு, குரோனோஸுக்குக் கப்பலிலேயே கிர்க்கை அனுப்புகிறார்கள்.

2016 இன் 'பியாண்ட்' இந்த நோயைச் சரியாகக் கண்டுபிடித்தது. ஜஸ்டின் லின் இயக்கம். கப்பலின் பொறியாளர் ஸ்கொட்டியாக நடிக்கும் சைமன் பெக் எழுத்தாளர்களில் ஒருவர். பயணத்தின் 966 ஆம் நாள் என்று கிர்க் அலுப்போடு பதிவு செய்வதில் தொடங்குகிறது. தொடர்பு எடுபடாத நெபுலாவுக்கு அப்பால் கப்பல் சிதறுகிறது. உதவி கேட்க வழியில்லை, ஆட்கள் காட்டில் ஆளுக்கொரு பக்கம். பழங்கப்பலொன்றைத் திருத்தித்தான் மீளவேண்டும். இந்தப் படத்தை நீங்கள் பார்த்ததாகவே கடிதத்தில் இல்லை. இரண்டு படத்தோடு கோபித்துக்கொண்டு மூன்றாவதைத் தவறவிட்டிருந்தால் அது உங்கள் பிழை, தம்பி.

மருமகனுக்கு முதலில் 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' காட்டுங்கள், 50 நிமிடம்தான். அட்டைப்பெட்டி போன்ற அரங்கைப் பார்த்துச் சிரிப்பான், சிரிக்கட்டும். இடையில் நிறுத்தி விளக்கம் சொல்லவேண்டாம். அடுத்தது 'ராத் ஆஃப் கான்'. 2013 படத்தை அவன் முன்பே பார்த்திருப்பான் என்பதால், கண்ணாடிக்கு இருபுறமும் கை வைக்கும் அந்தச் சாவுக் காட்சி முதலில் இங்கேதான் வந்தது என்று தொடங்கமுன் ஒரு வரி சொன்னால் போதும். பிறகு 'பியாண்ட்'. அதை அவனோடு நீங்களும் இருந்து பாருங்கள்.