கதிராளி ஒட்டிக்கொண்டால்: கண் வைத்தியரின் பதில்கள்

கேள்வி: ஐந்து நாட்களாக வலது கண் சிவந்து வலிக்கிறது, வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. கண்ணோய் மருந்துதான் விடுகிறேன். இன்று கண்ணாடியில் பார்த்தால் கண்மணி வட்டமாக இல்லை. (சுன்னாகம்)

பதில்: இன்றே கண் வைத்திய நிபுணரிடம் போங்கள். கண்ணோயில் பீளை கட்டும், உறுத்தும். ஆழ்ந்த வலியும் வெளிச்சக் கூச்சமும் சேர்ந்து வருவது பெரும்பாலும் கதிராளி, அதாவது கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையம், அழற்சியுறும்போதுதான். அப்போது கசியும் புரதம் பசையாகி, கதிராளியின் உள்விளிம்பைப் பின்னாலுள்ள வில்லையோடு ஒட்டிவிடும். ஒட்டிய இடம் அசையாமல் நிற்க, ஒட்டாத இடம் மட்டும் விரிவதால், மணியின் ஓரம் பூவிதழ்போல நெளிந்து தெரியும். புதிய ஒட்டு, மணியை விரிக்கும் சொட்டு மருந்தில் பல வேளைகளில் விலகி, வில்லையின்மேல் மண்ணிறப் புள்ளிகளை மட்டும் விட்டுச்செல்லும். நாராக முற்றிவிட்டால் மருந்துக்கு அசையாது. தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் விட்டுப் பார்த்து நாட்களைக் கடத்திய பின் வருபவர்களைக் காணும்போது எனக்கு மனம் பதறுகிறது.

கேள்வி: ஒட்டு அப்படியே இருந்தால் என்ன? (சாவகச்சேரி)

பதில்: ஓரிரு இடங்களில் மட்டும் இருந்தால் பார்வை கெடாமலே இருக்கலாம். மணியைச் சுற்றி முழுவதும் ஒட்டினால், கண்ணுக்குள் ஊறும் நீர் கதிராளிக்கு முன்னுள்ள அறைக்கு வர வழியின்றிக் கதிராளியை முன்னே உப்பச் செய்து, நீர் வடியும் மூலையை அடைத்துவிடும். வழக்கமாக 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம் வரை இருக்கும் கண்ணழுத்தம் அப்போது வெகுவாக உயரும். அதுவே குளுக்கோமா; அதில் பார்வை நரம்பு இழந்ததை எந்தச் சிகிச்சையும் மீட்டுத் தராது. லேசரால் கதிராளியில் சிறு துளையிட்டு நீருக்கு வழிவிடலாம்.

கேள்வி: மணியை விரிக்கும் அட்ரோப்பின் சொட்டு விட்டபின் பத்திரிகை வாசிக்க முடியவில்லை. நிறுத்தலாமா? (நெல்லியடி)

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த மங்கல் மருந்தின் இயல்பு. நிறுத்திய பின்னும் ஒன்றிரண்டு வாரம் நீடிக்கலாம். அழற்சியைத் தணிக்கக் கூடவே தரும் ஸ்டீரொயிட் சொட்டையும் வைத்தியர் சொன்னபடி படிப்படியாகவே குறைக்க வேண்டும். மேற்பார்வையின்றித் தொடர்ந்தால் அதுவே அழுத்தத்தை உயர்த்தும், கண்புரையையும் வரவழைக்கும்.

கேள்வி: ஆறு வயது மகளுக்கு மூட்டுவாதம். கண் வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஏன் கண் கிளினிக்குக்கு அனுப்புகிறார்கள்? (வல்வெட்டித்துறை)

பதில்: இந்தப் பிள்ளைகளுக்குச் சிவப்போ வலியோ இல்லாமலே அழற்சி ஓடி, கதிராளி ஒட்டிவிடும். வீட்டில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. ஒளிக்கீற்று நுண்ணோக்கியில்தான் தெரியும். கொடுத்த திகதியைத் தவறவிடாதீர்கள், அம்மா.