டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு நாக்கு பெரிதா? ஏன் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது?

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியை முதலில் கேட்டது என் மாமியார். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். மகளுக்கு மூன்று மாதம் ஆகும்போது, "நாக்கு தடிச்சிருக்குட்டி, அதான் உள்ள நிக்க மாட்டேங்கு" என்று வசம்பைச் சுட்டு உரசிக்கொண்டு வந்துவிட்டார். கையைப் பிடித்துத் தடுத்தேன். வசம்பு கைக்குழந்தைக்கு ஆகாது. நாக்கில் தடவவே தடவாதீர்கள்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாக்கு அப்படி ஒன்றும் பெரிதில்லை. அது குடியிருக்கும் வாய்தான் சிறியது. இவர்களுக்கு முகத்தின் நடுப்பகுதி எலும்பு குறைவாக வளர்வதால் மேல்தாடை சின்னதாகவும், அண்ணம் குறுகலாகவும் இருக்கும். மூக்குக்குப் பின்னால் மூச்சு போகும் வழியும் ஒடுக்கம். தசையும் தளர்வு என்பதால் வாய் திறந்தே இருக்கும், நாக்கு முன்னால் சரியும். சளி பிடித்து மூக்கு அடைத்தால் இன்னும் வெளியே வரும். வாயால் மூச்சுவிட அதுதான் வழி. விரலால் உள்ளே தள்ளாதீர்கள். தைராய்டு குறைந்தாலும் நாக்கு தடிக்கும், அதனால் டாக்டர் சொல்லும்போதெல்லாம் ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு சின்னக் கரண்டி. பேச்சுப் பயிற்சி தரும் அம்மா சொல்லிக்கொடுத்தார். பருப்புச் சோற்றை நன்றாக மசித்து, தட்டையான கரண்டியின் நுனியில் கொஞ்சம் எடுத்து, நேராக நாக்கின் மேல் வைத்து லேசாக அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேலுதட்டில் வழித்துவிடக் கூடாது. உதடு தானாக இறங்கி வந்து சோற்றை வாங்கவேண்டும். முதல் சில நாள் பாதிச் சோறு மடியில்தான். அப்புறம் ஒருநாள் மேலுதடு மெதுவாகக் கீழே வந்து கரண்டியை மூடியது. நான் அழுதுவிட்டேன்.

நாக்கைவிட நீங்கள் கவனிக்கவேண்டியது ராத்திரியை. என் மகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அப்படியே முன்னால் மடங்கி, கால்மேல் தலைவைத்துத் தூங்குவாள். பிள்ளையின் பழக்கம் என்று நினைத்திருந்தோம். மூச்சு வழி அடைபடாமல் இருக்க அவளே கண்டுபிடித்த படுக்கை அது என்று பின்னால்தான் தெரிந்தது. குறட்டை விடுவாள், திடீரென்று சத்தம் நிற்கும், விலாவுக்குக் கீழே குழி விழும், ஒரு திணறலோடு மறுபடி மூச்சு வரும். முதலில் பார்த்த டாக்டர் "இந்தப் பிள்ளைகள் அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார். அதை நம்பி ஒரு வருஷம் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்தப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் தூக்கத்தில் மூச்சுத் தடை உண்டு. குறட்டை இல்லாவிட்டாலும் 3 வயதிலிருந்து 4 வயதுக்குள் தூக்கப் பரிசோதனை (தூங்கும்போது மூச்சு எப்படிப் போகிறது என்று பார்ப்பது) செய்யச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம். என் மகளுக்கு டான்சிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் எடுத்தார்கள். ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் டவுன் சிண்ட்ரோம் என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மூச்சுக்குழல் ஒடுக்கம் என்பதால் மூச்சுக்காகத் தொண்டைக்குள் விடும் குழாய் வயதுக்குரியதைவிடச் சின்னதாகத் தேவைப்படலாம்; கழுத்தெலும்பு தளர்வாக இருக்கலாம், தலையை ரொம்பப் பின்னால் சாய்க்கக் கூடாது. டான்சிலும் அடினாய்டும் எடுத்த பிறகும் பல பிள்ளைகளுக்குத் தடை மிச்சமிருக்கும். மறுபடி பரிசோதிக்கக் கேளுங்கள்.

டாக்டரிடம் காட்ட, இன்றைக்கு ராத்திரியே பிள்ளை தூங்குவதைப் போனில் வீடியோ எடுங்கள். சட்டையைக் கழற்றிவிட்டு எடுங்கள், விலா தெரியவேண்டும்.