ஐபிஏ பியரில் எனக்குக் கசப்பு மட்டுமே தெரிகிறது. அது நல்ல பியர்தானா என்று எப்படி மதிப்பிடுவது?

கசப்பை வைத்து மதிப்பிடாதீர்கள். ஐபிஏ (இந்தியா பேல் ஏல் என்ற, ஹாப்ஸ் பூ தூக்கலாகச் சேர்த்த பியர் வகை) என்றாலே கசப்புப் போட்டி என்று ஒரு நினைப்பு பரவிக் கிடக்கிறது. டின்னில் அச்சிட்டிருக்கும் ஐபியூ என்ற கசப்பு அளவு எண்ணைப் பார்த்து, 70 என்றால் வீரம், 40 என்றால் சோடை என்று பேசுகிறவர்களும் உண்டு. கசப்புப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்லும். நாக்கு அதை எப்படி உணரும் என்பதைச் சொல்லாது. மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) இனிப்பு மிகுந்த பியரில் 70கூட அடங்கிக் கிடக்கும். மெலிந்த பியரில் 40 உறுத்தும்.

ஐபிஏயை மூக்கால்தான் எடைபோட வேண்டும். ஹாப்ஸ் பூவின் இதழ்களுக்கிடையே மஞ்சள் பொடியாக ஒட்டியிருக்கும் லுபுலினில் கசப்புக்கான அமிலங்களும் மணத்துக்கான எண்ணெய்களும் சேர்ந்தே இருக்கின்றன. மால்ட் சாற்றில் ஒரு மணி நேரம் கொதித்தால் அமிலங்கள் உருமாறிக் கசப்பு இறங்கும். எண்ணெய்களில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். மணம் வேண்டுமென்றால் கொதி முடியும் நேரத்தில் சேர்க்க வேண்டும், அல்லது நொதிக்கும் தொட்டியிலேயே, சூடு காட்டாமல், ஊற வைக்க வேண்டும். பின்னதற்கு டிரை ஹாப்பிங் என்று பெயர். எந்தப் பியரையும் கசக்கும்படி கொதிக்க வைத்துவிடலாம். தயாரிப்பவரின் கைத்திறம் தெரிவது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

நான் உரைகல்லாக வைத்திருப்பது கலிஃபோர்னியாவில் ரஷ்யன் ரிவர் நிறுவனம் தயாரிக்கும் பிளைனி தி எல்டர். ரோமானிய இயற்கையியலாளர் ஒருவரின் பெயரைத் தாங்கிய, 8 சதவீத ஆல்கஹால் கொண்ட டபுள் ஐபிஏ, அதாவது ஹாப்ஸும் ஆல்கஹாலும் கூடுதலான வகை. (ஒரு பாட்டிலை இருவர் பகிர்ந்துகொள்வது நல்லது, பாதிக்கு மேல் போனால் மதிப்பீடு தானாகவே தாராளமாகிவிடும்.) சேமித்து வைக்காதே, புதிதாகவே குடி என்று அதன் லேபிளே வற்புறுத்துகிறது. அது விளம்பரத் தந்திரம் அல்ல. ஹாப்ஸ் மணத்துக்கு ஆக்சிஜனும் வெப்பமும் எதிரிகள். திறந்து வைத்த காபிப் பொடியில் மணம் போய்க் கசப்பு மட்டும் தங்குவதுபோலத்தான் பழைய ஐபிஏயும். ஆகவே முதலில் பாருங்கள், டின்னின் அடியிலோ பாட்டிலின் மீதோ இருக்கும் தேதியை. அடைத்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகி, அதுவும் குளிர்ப்பெட்டிக்கு வெளியே அடுக்கியிருந்தால், நான் காசு கொடுக்க மாட்டேன்.

குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் விடுங்கள். உறையும் குளிரில் மணம் எழும்பாது. எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பும் இல்லாத கண்ணாடிக் குவளையில் நுரை எழ ஊற்றி, நிறத்தை ரசிப்பதற்கு முன் முகர்ந்துவிடுங்கள். சட்டென்று பறந்துபோகும் மணங்கள் அந்த முதல் நிமிடத்தில்தான் கிடைக்கும். பிளைனியில் எனக்கு முதலில் வருவது பைன் மரப் பிசின், அடுத்து பம்பளிமாஸ் தோல், அடியில் லேசாக ஆரஞ்சு. பிறகு ஒரு வாய் குடித்து விழுங்குங்கள். ஒயின்போலத் துப்பினால் தொண்டைக்குப் பின் மூக்கில் ஏறும் மணத்தையும் பின்சுவையையும் இழப்பீர்கள். கசப்பு கூர்மையாக வந்து சுத்தமாக விலகுகிறதா, அல்லது மருந்துபோல நாக்கில் அப்பிக்கொள்கிறதா என்று கவனியுங்கள். பிளைனியில் மால்ட் இனிப்பு மிகக் குறைவு; வாய் உலர்ந்து முடிகிறது. அத்தனை ஹாப்ஸை அது தாங்குவதே இதனால்தான்.

கூடவே காரமான மிக்சர் வேண்டாம். காரமும் கசப்பும் ஒன்றையொன்று தூண்டிவிடும். பியரைப் பற்றி எதுவும் தெரியாமல் போகும்.

மதிப்பெண் போட விரும்பினால், அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய, பியர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் பிஜேசிபி அமைப்பின் 50 மதிப்பெண் முறை இருக்கிறது: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் துடிப்புக்கும் 5, ஒட்டுமொத்தத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3 என்பது மிகச் சரி. மங்கலான ஹேஸி ஐபிஏயின் படத்தைப் போட்டே பாராட்டு வாங்கும் காலத்தில் அதை நினைவில் வைத்திருக்கலாம். ஆனால் அதே ஹேஸி சாம்பல் கலந்த பழுப்பாகத் தெரிந்தால் ஆக்சிஜன் புகுந்துவிட்டது என்று பொருள். அங்கே கண்ணை நம்பலாம்.

ஈர அட்டைப்பெட்டி வாசனையும் ஆக்சிஜன் வேலைதான். பச்சை பாட்டிலில் வரும் கந்தகம் கலந்த கெட்ட வீச்சம் வெளிச்சம் பட்டதால் வருவது. பழுப்பு பாட்டில் பெருமளவு காக்கும், டின் முழுதும் காக்கும். வெண்ணெய் மணம் வந்தால் நொதித்தல் சரியாக முடியவில்லை. அது கடைக்காரர் பிழை அல்ல, தயாரித்தவர் பிழை.

கசப்பு மட்டுமே தெரிந்தது என்கிறீர்கள். பெரும்பாலும் அது பழைய சரக்காக இருக்கும். அதே பியரைத் தேதி பார்த்துப் புதிதாக வாங்கிக் குடித்துப் பாருங்கள். அப்போதும் மணம் எழவில்லை என்றால் தயங்காமல் குறைத்தே மதிப்பெண் போடுங்கள், டின்னில் என்ன விலை ஒட்டியிருந்தாலும் சரி.