மீன் குழம்புக்கு மேல் ஜிகர்தண்டா: ஈரல் கொழுப்புக்கு இதுவா காரணம்?

சகோ, மீனும் ஜிகர்தண்டாவும் சேர்ந்துதான் கிரேடு 2 (நடுத்தர அளவு) ஈரல் கொழுப்பு வந்ததா, சீந்தில் மூலிகைப் பொடியைத் தொடரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பால் குளிர்ச்சி, மீன் சூடு, சேர்ந்தால் ரத்தம் கெடும் என்பது பழைய ஆயுர்வேத மருத்துவர் சரகர் கணக்கு. இந்தச் சேர்க்கை ஈரலைக் கெடுக்கும் என்பதற்கு நவீன மருத்துவத்தில் சான்று இல்லை. என் சந்தேகம் ஜிகர்தண்டாவில் இருக்கும் நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் மேல்தான். மிஞ்சும் சர்க்கரையை ஈரல் கொழுப்பாக்கிச் சேர்த்துவைக்கும். ராத்திரி பரோட்டாவும் அப்படியே. எடையில் 7 முதல் 10 சதவீதம், 80 கிலோ என்றால் 6 முதல் 8 கிலோ, நிதானமாகக் குறைத்தால் கொழுப்போடு அழற்சியும் தணியும்.

சீந்தில் பொடியை இன்றே நிறுத்துங்கள், தயவுசெய்து. அதனால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவுசெய்திருக்கிறார்கள். எஸ்ஜிபிடி (ஈரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டுப் பெரியாஸ்பத்திரியில் காட்டுங்கள். கண் மஞ்சளானால் அன்றைக்கே.