நோட்ஸை மூடிவிட்டு நற்றிணையில் ஆரம்பியுங்கள்

வணக்கம் டீச்சர். மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேட்டில் உங்கள் பிளஸ் ஒன் பிள்ளைகள், கட்டுரை என்றால் நோட்ஸை அப்படியே ஒப்பிக்கிறார்கள், சங்கப் பாட்டு என்றால் தூங்குகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தண்டையார்பேட்டையில் எட்டு வருஷமாக டியூஷன் எடுக்கிறேன், இங்கேயும் அதே கதைதான்.

நற்றிணை 45ஆம் பாட்டை எடுங்கள். தேர் வைத்திருக்கும் பணக்கார வீட்டுப் பையனிடம், அவன் விரும்பும் பெண்ணின் தோழி சொல்கிறாள்: இவள் மீன்பிடிக்கும் பரதவர் மகள், நாங்கள் சுறாவை அறுத்துக் காயப்போட்டுப் பறவை விரட்டுகிறவர்கள், எங்கள் மேல் புலால் நாறும், தள்ளி நில். திணை, துறை எல்லாம் அப்புறம். முதலில், "இப்படி உங்க தெருவுல யாராவது சொல்லுவாங்களா?" என்று மட்டும் கேளுங்கள்.

என் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, "பஸ்ல எங்க பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க சார், அம்மா கூடை வச்சிருக்கும்" என்றாள். அதையே எழுதச் சொன்னேன். ஆறே வரி, ஏழெட்டுப் பிழை. ஆனால் கூடையிலிருந்து ஐஸ் தண்ணி சொட்டி கண்டக்டர் கத்தியது வரை அதில் இருந்தது.

பிழையை அன்றைக்கே சிவப்பு மையில் வட்டம் போடாதீர்கள். நான் போட்டேன், ஒரு பையன் அத்தோடு பேனாவை மூடிவிட்டான். பேச்சுத் தமிழில் எழுதினாலும் விடுங்கள், இரண்டாவது முறை எழுதும்போது மாற்றிக்கொள்ளலாம். முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை எல்லாம் பரீட்சைக்கு வேண்டும்தான். அதற்குக் கடைசி இரண்டு வாரம் தாராளம்.